அறைக்கு வெளியே இருக்கும் சுவிட்ச்

என் தங்கை ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் கழுவி, சரிபார்த்து, தட்டில் அடுக்கி, உறையில் கட்டி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கி, மறுபடி மேலே அனுப்புகிற பிரிவு அது. பிழைத்து எழுந்தவரின் சொந்தக்காரர்கள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கத்தரியைக் கட்டி அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு நான் இருக்கிறேன்.

நான் எலக்ட்ரீஷியன். எட்டாவது வரை படித்தவன். அதனாலோ என்னவோ, அவளைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தால் எனக்கு ஒரு சுவிட்ச்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் வீட்டில் அவள் இருக்கும் அறை முன்பு சாமான் போட்டு வைக்கிற அறை. அந்த மாதிரி அறைகளுக்கு விளக்கின் சுவிட்சை வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்கு வீட்டுச் சத்தம் தாங்கவில்லை. பாத்திரம் விழுந்தால் உடம்பே சுருங்கும். சாமானை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு அவளை அங்கே விட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு காதில் தலையணையை அழுத்திக்கொள்வாள். பிறகு அதற்கென்று ஒரு ஹெட்போன் வந்தது. கூப்பிட்டால் கேட்காது. கதவைத் தட்டினால் தூக்கிவாரிப்போட்டு, அன்று சாயந்திரம் முழுக்க வீணாகிவிடும். அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளியிலிருந்து சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போடுவாள். உள்ளே விளக்கு இமைக்கும். கதவு முழுசாகத் திறக்கும். இவள் வந்து நிற்பாள்.

சாப்பிட வா, போன் வந்திருக்கிறது, நான் கடைக்குப் போகிறேன், இப்படி ஏதாவது ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். சும்மா யாரும் அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை. அவள் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறேன், பென்சிலை மாற்றி வைத்து அழவிட்டிருக்கிறேன், அண்ணன் என்று இருந்தால் செய்கிற அத்தனை சேட்டையும் செய்திருக்கிறேன். அந்தச் சுவிட்சில் மட்டும் விளையாடியதில்லை. யாரும் தடை போடவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. தொழில் கற்ற பிறகு, சுவிட்சை உள்ளே மாற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அம்மாவும் மகளும் ஒரே வாயாக வேண்டாம் என்றார்கள்.

அவள் பேச்சு எப்போதும் நேராக இருக்கும். ஒரு தடவை மாமா ஊரிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவள் போய் எதிரே நின்று, "மாமா, எப்ப போவீங்க?" என்று கேட்டாள். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர்தான், அப்புறம் ரொம்ப நாள் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இவளுக்கு ஏன் என்றே புரியவில்லை. வீடு எப்போது மறுபடி அமைதியாகும் என்று தெரிந்தால் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், அவ்வளவுதான் அவள் கணக்கு.

முதல் வேலை ஒரு துணிக்கடையில். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்த அம்மாள் ஒருத்தி, நல்லா இருக்காம்மா என்று கேட்க, இவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்த வேலை போயிற்று. இரண்டாவது வேலையும் அதே மாதிரி. வீட்டிலேயே உட்கார்ந்து தூக்கம் கெட்டுப் போனபோது ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் இன்னொருவரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேசி, கடைசியில் இது ஆட்டிசம் என்றார். பிறந்ததிலிருந்தே உள்ளது, நோய் இல்லை, குணப்படுத்த ஒன்றும் இல்லை, சுற்றியிருப்பதைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் அவள் பாட்டுக்கு நன்றாக இருப்பாள் என்றார். அம்மா வழி முழுக்க முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தங்கை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "அப்ப மாமாகிட்ட இதைச் சொல்லிடலாமா?" என்றாள். அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கருவிகளைக் கிருமி நீக்குகிற வேலைக்கான ஒரு பயிற்சியில் சேர்ந்து, பாஸ் செய்து, மருத்துவமனைக்குப் போனாள். முதல் வருஷம் தற்காலிகம், வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்று எடுத்தார்கள்.

அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கழுவுகிற இடம். கழுவி முடித்ததை ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலைத் தள்ளி இந்தப் பக்கம் கொடுப்பார்கள். இந்தப் பக்கம் வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு கருவியையும் எடுத்து, மூட்டுச் சரியாகத் திறந்து மூடுகிறதா, எங்காவது கறை ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்து, தட்டில் அதன் இடத்தில் வைக்க வேண்டும். கடைசியில் உறை போட்டுக் கட்டி, சூட்டில் நிறம் மாறுகிற டேப்பை ஒட்ட வேண்டும். பயிற்சியில் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்களாம்: அடுக்கும்போது நடுவில் கவனம் போனால், தட்டைக் காலி செய்துவிட்டு முதல் கருவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழகியவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். என் தங்கை செய்வாள். விதி என்றால் அவளுக்கு விதிதான்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சத்தம்தான் பிடிக்கவில்லை. நீராவிப் பெட்டி ஒவ்வொரு தடவை முடிந்ததும் கீச்சென்று கத்தும். தள்ளுவண்டியின் சக்கரம் தரையைப் பிராண்டும். வாரத்துக்கு ஒரு மேஜை என்று ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததோடு அவளே போய்ப் பிரிவின் இன்சார்ஜ் மேடத்திடம் கேட்டாள். ஒரே மேஜை வேண்டும், மாற்றம் ஏதாவது இருந்தால் முந்தின நாளே சொல்ல வேண்டும், காதை மூடும் கருவி போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். மேடம் கெட்டவர் இல்லை. ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்று இழுத்தார். காதை மூடிக்கொண்டால் அவசரத்துக்குக் கூப்பிடுவது எப்படி, மேலிருந்து என்னைத்தானே கேட்பார்கள் என்றார். தோளைத் தட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். தொட்டால் அவளுக்கு ஆகாது.

அப்போது அவள் எங்கள் வீட்டுச் சுவிட்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மேஜை விளக்கின் சுவிட்ச் பக்கத்துத் தூணில் இருந்தது. ஒரு தடவை அணைத்துப் போட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன் என்றாள். மேடம் மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அம்மா அதைத்தான் முதலில் கவனித்தாள்.

பிரிவில் கேலி இல்லாமல் இல்லை. எங்களுக்கும் காதுக்கு மூடி கொடுங்க மேடம், இந்த ரேடியோ தொல்லை தாங்கவில்லை என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். ரேடியோ என்றது வண்டி தள்ளுகிற ஒருவனை. வாய் மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர். அவனும் சேர்ந்து சிரித்தானாம். நல்லவன்தான் என்று என் தங்கையே சொல்லியிருக்கிறாள். கனமான தட்டை அவன்தான் தூக்கிக் கொடுப்பான். டீ நேரத்தில் இவள் காது மூடியைக் கழற்றியதும் முதலில் பேச்சுக் கொடுப்பவனும் அவன்தான்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. அப்புறம் மேலேயிருந்து தட்டு தாமதமாக வருகிறது என்று போன் வர ஆரம்பித்தது. எல்லாம் இவள் மேஜைத் தட்டு. மேடம் கூப்பிட்டு ஏன் லேட் என்று கேட்டார். முதலிலிருந்து அடுக்கினேன் என்றாள். ஏன்? நடுவில் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய்? விளக்கு இமைத்தது. இப்படியே மூன்று நான்கு தடவை. மேடத்துக்குத் தலைக்கு மேல் வேலை, மேலிடத்திலிருந்து நெருக்கடி. அந்த விளக்குதான் தொல்லை என்று முடிவு செய்து, அந்த ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். விளக்கால் கூப்பிட முடியாது என்றால் காதை மூடிக்கொண்டு உட்கார முடியாது, ஆபத்துக்கு யார் பதில் சொல்வது? அதுவும் போயிற்று. மேஜையும் மறுபடி வாரத்துக்கு ஒன்று, முந்தின நாளே சொல்வதும் கிடையாது என்றார். கேட்டு வாங்கிய மூன்றும் ஒரே நாளில் போயின. வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

எங்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. செருப்போடு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்டா. பொண்ணு நல்லா இருந்தா போதும்" என்றாள். வேலை இல்லாமல் அவள் வீட்டில் இருந்த நாட்களை அம்மா மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அந்த வாரமே எனக்குப் போன் வந்தது. ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை தட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள், வாருங்கள் என்றார்கள். விசிறியை வீட்டுக்காரரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஓடினேன் என்று பிறகு என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அது பொய். இறக்கி வைத்து, வயர் முனைக்கு டேப் சுற்றிவிட்டுத்தான் போனேன்.

துவைத்த துணி அடுக்குகிற அறையில் இருந்தாள். அறைக் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கழுவும் பக்கத்தில் வேலை செய்யும் பெரியக்கா உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள யாரையும் விடல தம்பி. பேச்சும் குடுக்கல. லைட்டையும் அணைச்சுட்டேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.

நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். அவர் கையுறையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த ரேடியோ பய பண்ணின வேலை இது. போறப்ப வர்றப்ப சுவிட்ச தட்டுவான். இது நிமிந்து பாக்கும். அவன் ஒரு சலாம் போடுவான். எல்லாரும் சிரிப்பாங்க. ஜன்னல் வழியா எனக்குத் தெரியும்." ஒரு கையுறையை உருவினார். "முதல்ல நானும் சிரிச்சேன். அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் தட்ட காலி பண்ணிட்டு முதல்லேந்து அடுக்குதுன்னு அப்புறம்தான் பாத்தேன்."

அவன்மேல் கோபமா, அவள் வாயைத் திறக்கவில்லையே என்று ஆற்றாமையா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போனேன். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, மடித்த துணிகளில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டு, "விசிறி மாட்டி முடிச்சிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் வந்தே?" என்றாள்.

மறுநாள் மேடத்தின் அறைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். ரேடியோவையும் கூப்பிட்டிருந்தார்கள், பெரியக்கா போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முந்தின ராத்திரி மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை எல்லாம் நான் கொட்ட ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது. தங்கை என் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னாள்:

"அண்ணே, நீ பேசாத. சத்தமா இருக்கு. இது என் மேஜை."

நான் வாயை மூடிக்கொண்டேன். ரேடியோ நின்றபடி கையைப் பிசைந்தான்.

"சும்மா தமாஷுக்குத்தான் மேடம். வேற ஒண்ணும் இல்ல. அவங்களும்தான் ஒவ்வொரு தடவையும் நிமிந்து பாத்தாங்க. கோச்சுக்கவே இல்லையே."

"நீங்க கூப்பிட்டீங்க. அதனால பாத்தேன்" என்றாள் தங்கை.

"சலாம்தானேங்க போட்டேன். சிரிப்பு வரலையா உங்களுக்கு?"

"சலாம் போடக் கூப்பிடுறீங்கன்னு நினைச்சேன். அது தமாஷ்னு யாரும் சொல்லல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேடம் நெற்றியைத் தேய்த்தார்.

"நான் எத்தனை தடவை கேட்டேன்? அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"ஏன் நிறுத்தினேன்னு கேட்டீங்க. சொன்னேன். யார் சுவிட்ச போட்டாங்கன்னு நீங்க கேக்கல மேடம்."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மேடத்துக்கும் அது தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன், கோபப்படவில்லை. விளக்கும் காது மூடியும் திரும்பக் கிடைக்கும், மேஜையும் பழையபடி அவளுக்கே, மாற்றம் இருந்தால் முந்தின நாளே சொல்கிறேன் என்றார். சுவிட்ச் தூணில் இருக்க வேண்டாம், கழுவும் பக்கத்து ஜன்னலுக்கு அருகில், பெரியக்காவின் கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றிவிடலாம். பெரியக்காவையும் தன்னையும் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்றார்.

பிறகு, நிரந்தரம் ஆக்குவதை இப்போது செய்ய முடியாது, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

தங்கை அதை யோசித்தாள். "அந்த லேட் எல்லாம் இன்னும் என் பேர்லயா இருக்கு?" என்று கேட்டாள்.

"அது மேல போயிடுச்சும்மா. இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"மேல சொல்லலாம்ல?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வருவேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. மேலே சொல்வதென்றால், தன் கண் முன்னாலேயே இத்தனை நாள் நடந்ததைத் தான் பார்க்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தங்கை வழியில் என்னிடம் கேட்டாள். மாட்டார்கள் என்று அர்த்தம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அப்படியானால் அதையே சொல்லியிருக்கலாமே என்றாள்.

சுவிட்சை மாற்றியது மருத்துவமனை எலக்ட்ரீஷியன். வேலையைப் போய்ப் பார்த்தேன். சுமார்தான். பெட்டி கொஞ்சம் சாய்ந்திருந்தது. பெரியக்கா அதற்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறார், யாரும் தெரியாமல் கைபடக் கூடாது என்று.

ரேடியோ அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். சரி, ஆனால் என் மேஜைப் பக்கம் வராதீர்கள் என்றாளாம். அவன் இப்போது அதிகம் பேசுவதில்லை. அதுவும் இவள் தலையில்தான் விடிந்தது. அவளோடு தமாஷ் பண்ணினால் வேலைக்கு ஆபத்து என்று பிரிவில் பேச்சு. டீ நேரத்தில் இவள் காது மூடியைக் கழற்றினால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பெரியக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றிப் புலம்புகிறார். மருமகள் சொல்வதுதான் சரி என்று இவள் சொல்ல, அவர் கோபித்துக்கொள்ள, மறுநாள் மறுபடி வந்து உட்கார்கிறாராம். தட்டுகள் இப்போது நேரத்துக்குப் போகின்றன. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆறு மாதம் என்று சொன்னவர்கள் அப்போது வேறு என்ன சொல்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான். தங்கையிடம் கேட்டால், அவர்கள் ஆறு மாதம் என்றுதானே சொன்னார்கள் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு அம்மா அவள் அறைச் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டாள். கதவு திறக்கவில்லை. அம்மா காத்திருந்தாள். இன்னொரு தடவை போடவில்லை, அது எங்கள் வழக்கம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடைவெளியில் தங்கையின் ஒரு கண் தெரிந்தது. அது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவிட்ச் மேல் யார் கை இருக்கிறது என்று பார்த்தது.

"நான்தாம்மா. சாப்பிட வா" என்றாள் அம்மா, அப்படியே கையை எடுக்காமல்.

அதற்குப் பிறகுதான் கதவு முழுசாகத் திறந்தது.